ஒரு சக்கரத்துக்கு இடம்

கட்டம் போட்ட கொடி ஆடியதைப் பார்த்தான் எபனேசர். பார்த்ததும் வலது கை ஆக்சிலேட்டர் முறுக்கைத் தளர்த்தியது, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இருபது வருஷமாக அது அப்படித்தான் செய்கிறது. ஐந்தாவது. முதலாவதாக வந்திருக்க வேண்டியவன் ஐந்தாவதாக வந்து கோட்டைத் தாண்டுகிறான். பூட்ஸுக்குள் என்னவோ போயிருக்கிறது, இடது பாதத்தில் குத்துகிறது, புல்லா கல்லா, கல்லாக இருந்தால் இந்நேரம் ரத்தம் கசிந்திருக்கும், கசியட்டும், யாருக்கு என்ன போச்சு. ஹெல்மெட்டுக்குள் அவனுடைய மூச்சுதான் பெரிய சத்தமாக இருந்தது. ரேஸ் ஓடும்போது மூச்சு கேட்காது, முடிந்த பிறகுதான் கேட்கும், யாரோ முதுகில் ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி ஒவ்வொரு தடவையும் திடுக்கென்று இருக்கும். கடைசி ரவுண்டு, கடைசி வளைவு, வலது பக்கம் திரும்புகிற வளைவு, அதிலிருந்து நிமிர்ந்தால் கொடி. அதுவரைக்கும் அவன்தான் முன்னால். அந்த வளைவின் உள்பக்கத்தில் ஒரு சக்கரம் போகிற அளவுக்கு இடம் விட்டான், எப்போதும் விடுகிற இடம்தான், அந்த இடத்தில் மஞ்சள் ஹெல்மெட் நுழைந்தது, நுழைந்ததோடு நின்றதா, நுழைந்து நிமிர்ந்தது, தோள் தோளில் இடித்தது, இடித்த தோள் தள்ளியது. அப்புறம் கீழே தார் இல்லை, புல். காலையில் பெய்த மழையில் ஊறிக் கிடந்த புல். அதன் மேல் வண்டி சோப்பில் வழுக்குகிற மாதிரி ஓடியது, எதிரே அடுக்கிவைத்த பழைய டயர்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன, பிரேக்கைத் தொட்டால் விழவேண்டும், தொடாவிட்டால் மோதவேண்டும், தொடாமல் மோதாமல் எப்படியோ வளைத்துக் கொண்டுவந்து தாரில் ஏற்றினான். எப்படி ஏற்றினான் என்று இப்போது கேட்டால் அவனுக்கே தெரியாது. அதற்குள் இன்னும் மூன்று பேர் கடந்துவிட்டார்கள். மஞ்சள் ஹெல்மெட்காரன் யுகேந்திரனுக்கு ரேஸும் கிடைத்தது, வருஷப் பட்டமும் கிடைத்தது. இவனுக்குப் பாதத்தில் ஒரு கல்.

இனி ஸ்லோ ரவுண்டு. ரேஸ் முடிந்த கையோடு யாரும் வண்டி நிறுத்துகிற பிட்டுக்குள் போய்விட முடியாது, சூடேறின இன்ஜின் ஆறவேண்டும், சூடேறின ஆளும் ஆறவேண்டும், அதனால் தடத்தை இன்னொரு தரம் மெதுவாகச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்த ஒரு சுற்றில்தான் பாதி சமாசாரம் முடியும். ஜெயித்தவன் கைகாட்டிக்கொண்டு போவான், மூலைக்கு மூலை நிற்கிற கொடிக்காரர்கள் இருக்கிற கொடியையெல்லாம் எடுத்து ஆட்டுவார்கள், இடித்தவன் இடிபட்டவனுக்காக வேகம் குறைத்துக் காத்திருந்து கையை நீட்டுவான். நீட்டின கையை இவன் பிடித்துவிட்டால் தீர்ந்தது. தடத்தில் நடந்தது தடத்தோடு. அப்புறம் அதைப் பேசக்கூடாது, ஆபீஸ் ரூமில் போய் எழுதிக் கொடுக்கக்கூடாது. எந்த ரூல் புத்தகத்திலும் இது கிடையாது, ஆனால் ரூல் புத்தகத்தைத் தாண்டுகிறவன்கூட இதைத் தாண்டமாட்டான். பிடிக்காமல் போனால் அரைமணிக்குள் புகார் கொடுக்கலாம். புகார் எடுபட்டால் யுகேந்திரனை இந்த ரேஸிலிருந்தே எடுத்துவிடுவார்கள், பட்டம் எபனேசருக்கு வரும். பட்டம் வந்தால் அடுத்த வருஷம் வண்டி உண்டு, டீம்காரர் நேற்றே முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டார், முப்பத்தேழு வயசு ஆளுக்குப் பட்டம் இல்லாமல் வண்டி கொடுக்க மேலே ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று. ஆக, ஒரு கை. கொடுப்பதா வேண்டாமா. முதல் வளைவு வந்தது, வண்டியைச் சாய்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, சைக்கிளில் கடைக்குப் போகிறவன் மாதிரி திரும்பினான். அங்கே தூரத்தில், தடத்தின் பின்பக்கம் வளைவில்லாமல் ஓடுகிற பின்நேர்ச்சாலையின் முக்கால்வாசியில், மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. மெதுவாகப் போகிறது. தலை திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. காத்திருக்கிறான் பையன்.

காத்திருக்கட்டும். நல்ல பையன், யாரைக் கேட்டாலும் நல்ல பையன் என்றுதான் சொல்வார்கள், கோயமுத்தூர்க்காரப் பையன், வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘ங்க’ போடுவான், பிட்டில் யாருடைய ஸ்பேனர் விழுந்தாலும் குனிந்து எடுத்துக் கொடுப்பான். ஹெல்மெட்டை மாட்டினால் வேறு ஆள். ஆகஸ்ட்டில் அவன் ஊர்த் தடத்திலேயே ஒரு தடவை இப்படித்தான் தோளால் தள்ளினான். ஸ்லோ ரவுண்டில் கையை நீட்டினான், எபனேசர் பிடித்தான். பிடித்துவிட்டு பிட்டுக்கு வந்தால் வயிறு எரிகிறது, தாங்கவில்லை, ஆபீஸ் ரூம் வரைக்கும் போய்விட்டான். அதிகாரி டீயை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். ‘ஏன் எபனேசர், நீங்கதானே கை குடுத்தீங்க? என் கண்ணால பார்த்தேனே. கையும் குடுத்துட்டு கம்ப்ளைண்டும் குடுத்தா எப்படி?’ அவ்வளவுதான், திரும்பி வந்தான். வந்தால் அங்கே அவனுடைய பிட்டில் யுகேந்திரன் இளநீரோடு நிற்கிறான், வெட்டி ஸ்ட்ரா போட்டு. ‘எபிண்ணா, தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நீங்க உள்ள இடம் விடுவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அந்த நம்பிக்கைலதான் வந்தனுங்க. வேற ஆளா இருந்தா நான் வந்தே இருக்க மாட்டனுங்கண்ணா.’ சொல்லிவிட்டுச் சிரித்தான், கள்ளம் இல்லாத சிரிப்பு, அதுதான் இன்றைக்கு வரைக்கும் முள்ளாகக் குத்துகிறது, அது பாராட்டா, இல்லை வேறு ஏதாவதா. எபனேசர் இளநீரைக் குடித்தான். குடித்தது இன்னும் இறங்கவில்லை.

ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியில், அந்த விசரில், ஒரு தட்டான் ஒட்டிக்கொண்டு செத்திருந்தது, ஒரு இறக்கை மட்டும் காற்றில் ஆடியது. துடைக்கத் தோன்றவில்லை. இடது பக்கம் ஒரு வண்டிச் சத்தம் நெருங்கியது, மூன்றாவதாக வந்த பெங்களூர்ப் பையன், இவனுக்காகவே வேகம் குறைத்திருக்கிறான். விசரைத் தூக்கிவிட்டுக் கத்தினான். ‘அண்ணா! நான் பின்னாடியே இருந்தேன்! பார்த்தேன்! நீ எழுதிக் குடு, நான் வந்து சொல்றேன்!’ எபனேசர் தலையை ஆட்டினான், சரி என்றா தெரியாது என்றா, அவனுக்கே விளங்காத ஓர் ஆட்டம். ‘கை மட்டும் குடுத்துராதண்ணா!’ என்று இன்னொரு முறை கத்திவிட்டுப் பையன் முன்னால் போனான். பார்த்தேன் என்கிறான். என்ன பார்த்தான்? தோள் இடித்ததைப் பார்த்திருப்பான். தோள் இடித்தது யாருக்குத்தான் தெரியாது. தெரிய வேண்டியது அதுவா? வண்டி அவன் கைக்கு அடங்காமல் வந்து இடித்ததா, இடிக்கவேண்டும் என்று வந்து இடித்தானா. அதைப் பின்னாலிருந்து பார்க்க முடியுமா? பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லையே என்று நினைத்தான் எபனேசர், உடனே, தெரியும், உனக்குத் தெரியும் என்று உள்ளே இன்னொன்று சொன்னது, அதற்குப் பின்னாலேயே, தெரிந்தால் ஏன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று மூன்றாவதாக ஒன்று.

இன்ஜின் சத்தத்தில் ஏதோ மெல்லிய மாற்றம் கேட்டதா? இல்லை. இல்லைதான். காலையில் மெக்கானிக் மஸ்தான் பாய் டேங்கில் அளந்து ஊற்றினபோது, கொஞ்சம் கூட ஊத்து பாய் என்றான் இவன். புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் கடைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த மனுஷன், இவன் ஓட்டின எல்லா வண்டியையும் பிரித்துப் பூட்டினவர், வாயில் வெற்றிலை இல்லாமல் பேச வராது. ‘டேய் எபி, பெட்ரோல் ரேசுக்குத்தான்டா, ஊர்கோலத்துக்கு இல்ல. வெயிட்டு ஏறுனா அந்தக் கோயமுத்தூர்க்காரனாண்ட நேர்ச்சாலைல நீ அடி வாங்குவ. ஜெயிச்சேன்னா வண்டிய உட்டு எறங்கு, நானே வந்து உன்னத் தோள்ல தூக்கினு போறேன்.’ தோத்தா? என்று கேட்டான் இவன் சிரித்துக்கொண்டு. ‘தோத்தா நீ தள்ளு, நான் வேடிக்க பாக்குறேன்.’ பாவி மனுஷன், என்ன வாயோ. இன்னும் எவ்வளவு இருக்கும் டேங்கில், இந்தச் சுற்றுக்குப் போதும், போதும்போல்தான் இருக்கிறது. வண்டி நின்றாலும் கெட்டுப்போகாது. நின்றால் நல்லதுகூட. நின்றால் அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிடலாம், மஞ்சள் ஹெல்மெட் போய்விடும், கையும் இல்லை ஒன்றும் இல்லை. அப்படிப் போகிற ஆளா அவன்? வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாலும் வருவான்.

ஜென்டில்மேன் எபனேசர். மைக்கில் கத்துகிற ஆசாமி வைத்த பேர். இடம் விட்டு ஓட்டுகிறவர், யாரையும் இடித்ததில்லை, யாரையும் தள்ளினதில்லை, நம் தடத்தின் ஜென்டில்மேன் என்று ஒவ்வொரு ரேஸிலும் மூன்று தடவையாவது சொல்லுவான், கேட்கக் கேட்க முதலில் காதில் தேனாக இருந்தது, அப்புறம் பழகிப்போயிற்று, இப்போது ஹெல்மெட்டுக்குள் அந்தச் சொல் காலி டப்பாவில் கூழாங்கல் மாதிரி உருளுகிறது. இடம் விட்டேன், சரி. ஏன் விட்டேன்? எதிராளியும் வீட்டுக்குப் போகவேண்டிய ஆள் என்பதற்காகத்தானே, அவனுக்கும் ஒரு வாசல் திறந்துவைத்தால்தான் ஓட்டம், இல்லாவிட்டால் அது வெட்டுக்குத்து, அதற்காகத்தானே விட்டேன். அதற்காகத்தானா? அந்தப் பழைய விபத்தில் தொடை உடைவதற்கு முன்னால் இடம் விட்டேனா? எபனேசர் யோசித்துப் பார்த்தான். இருபத்தைந்து வயசில், இருபத்தாறு வயசில், உள்பக்கம் யாராவது தலையை நீட்டினால் என்ன செய்தேன். ஞாபகம் வரவில்லை. இதே தடம், இதே பின்நேர்ச்சாலை, தார்கூட அதே தார், அந்த வயசு மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஒருவேளை அப்போதெல்லாம் கதவை அடைத்துத்தான் ஓட்டினேனோ. ஒருவேளை தொடை எலும்பு இரண்டாகப் போன அன்றைக்குத்தான் ஜென்டில்மேன் பிறந்தானோ. பயத்துக்குத்தான் இத்தனை வருஷமாக நல்ல சட்டை போட்டு மேடையில் ஏற்றினேனோ. சே. இடித்தவன் நிம்மதியாகக் கைகாட்டிக்கொண்டு போகிறான், இடிபட்டவன் தன்னையே நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதுவும் அவன் செய்த காரியம்தான். தோளால் தள்ளினதைவிட இதுதான் பெரிய தள்ளல்.

தொடை உடைந்ததும் ஒரு கைக்காகத்தான். முன்னால் போனவனுக்குச் செயின் அறுந்தது. வண்டி இழுக்காமல் போனால் வேறு எதையும் செய்வதற்கு முன்னால் இடது கையைத் தூக்கவேண்டும், பின்னால் வருகிறவன் பார்த்து விலகுவதற்கு, இது முதல் நாள் பாடம். அந்த ஆள் குனிந்து செயினைப் பார்த்தான், கையைத் தூக்கவில்லை, எபனேசர் அவன் மேலே ஏறினான். ஆஸ்பத்திரியில் மேலே கட்டித் தொங்கவிட்ட காலோடு கிடந்தபோது தூக்கத்தில்கூட இடது கை மேலே மேலே போகுமாம், பெண்டாட்டி ரெஜினா பிடித்துப் பிடித்துக் கீழே வைப்பாளாம். அதற்கப்புறம் அவன் வண்டி சும்மா ஒரு விக்கல் விக்கினாலும் கை போய்விடும், மார்க்கெட்டுக்குப் போகிற ஸ்கூட்டர் நின்றால்கூட. ஒருதரம் அயனாவரம் சிக்னல் அருகில் ஸ்கூட்டர் நின்று, இவன் கையைத் தூக்க, பின்னால் உட்கார்ந்திருந்த ரெஜினா முதுகில் அடித்தாள். ‘கைய இறக்குங்க, பஸ்ஸுக்கு நிக்கிறா மாதிரி இருக்குது. எல்லாம் பாக்குறாங்க.’ சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தடத்துக்கு மட்டும் வருவதை விட்டுவிட்டாள். ரேஸ் முடிந்ததும் போன் பண்ணவேண்டும், முதல் வார்த்தை ‘முழுசா இருக்கேன்’. எத்தனையாவது என்று அவள் கேட்கமாட்டாள், இவனாகச் சொன்னால் உண்டு. இன்றைக்கு என்ன சொல்வான்? முழுசா இருக்கேன். இருக்கேனா? அந்த டயர் அடுக்கு இன்னும் நாலு அடி கிட்டே இருந்திருந்தால், புல் இன்னும் கொஞ்சம் ஊறியிருந்தால், வேறு யாரோ இவன் போனை எடுத்து வேறு ஏதோ சொல்லியிருப்பார்கள். அதை நினைத்ததும் விரல் தானாகப் பிரேக்கைத் தேடியது, இப்போதுதான், இத்தனை நேரம் கழித்து. அந்தப் பையனுக்கு அது தெரியுமா? புல் ஈரம் என்று தெரியும், டயர் அங்கே இருக்கிறது என்று தெரியும். எல்லாம் தெரிந்துதான் தோளைக் கொடுத்தானா?

திரும்பவும் அங்கேயே வந்து நின்றது மனசு. வளைவுக்குள் போகிறேன், சாய்ந்திருக்கிறேன், வலது முழங்கால் தரையை உரசுகிறது, உள்ஓரத்தில் ஒரு சக்கரத்துக்கு இடம். மஞ்சள் வருகிறது. வருகிறவன் சாய்ந்தே வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து திரும்பி வெளியே வரலாம், நூறு தடவை வந்திருக்கிறோம். ஆனால் அவன் நிமிர்ந்தான். ஏன் நிமிர்ந்தான்? முன்சக்கரம் வழுக்கியிருக்கலாம், வழுக்கினால் எவனும் நிமிர்வான். வழுக்கியதா? டயர் கிறீச்சிட்டதா, காதில் விழுந்ததா. மூச்சு கேட்காத நேரத்தில் டயர் எங்கே கேட்கும். தலை எந்தப் பக்கம் இருந்தது? வழுக்கினவன் கீழே சக்கரத்தைப் பார்ப்பான், இடிக்க வருகிறவன் ஆளைப் பார்ப்பான். மஞ்சள் ஹெல்மெட், கறுப்பு விசர், அதற்குள் கண் எங்கே பார்த்தது என்று யார் கண்டது. திரும்ப ஓட்டிப் பார்த்தான். வளைவு, சாய்வு, முழங்கால், இடம், மஞ்சள், நிமிர்வு. ஒவ்வொரு தடவையும் நிமிர்வு வரைக்கும் வந்து அங்கே சிக்கிக்கொள்கிறது. அந்த ஒன்று தெரிந்தால் போதும். வழுக்கினது என்றால் மனசாரக் கை கொடுக்கலாம், பட்டம் போனாலும் போகட்டும், வண்டிக்கும் ஆளுக்கும் தப்பு வருவதுதான். வேண்டுமென்றே என்றால் செத்தாலும் கொடுக்கக்கூடாது. பேப்பர் சாம்ராஜ் ஆனாலும் சரி. சாம்ராஜ் என்று ஒருத்தர் இருந்தார், இவனுக்கு முந்தின செட், நீட்டின கையைத் தட்டிவிட்டு எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கினார். நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் அடுத்த வருஷம் டீக்கடையில் அவர் பக்கத்து ஸ்டூல் எப்போதும் காலியாக இருந்தது. பேப்பர் சாம்பியன் என்றார்கள், பேப்பர் என்றார்கள், இப்போது ஹெல்மெட் கடை வைத்திருக்கிறார், அங்கே போய் ஹெல்மெட் வாங்குகிற சின்னப்பயல்கூட வெளியே வந்து பேப்பர் கடை என்கிறான். அந்தச் சிரிப்பில் எபனேசரும் ஒரு காலத்தில் சேர்ந்து சிரித்தவன்தான்.

இரட்டை வளைவு வந்தது, இடம், வலம். அங்கே நிற்கிற வயசான கொடிக்காரர், மற்ற எல்லாருக்கும் கொடி ஆட்டினவர், இவனைப் பார்த்ததும் கொடியைத் தாழ்த்திவிட்டு நெஞ்சில் கை வைத்தார். எழவு வீட்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி. அது போதுமாக இருந்தது எபனேசருக்கு. எதற்கு யோசனை? வழுக்கினது என்றே இருக்கட்டும், ஆகஸ்ட்டிலும் வழுக்கியதா? ஒவ்வொரு தடவையும் என் தோளில் வந்துதான் வழுக்குமா? இடம் விடுவீங்கன்னு தெரியுமுங்கண்ணா. தெரியும் என்றான் அல்லவா, அதுதான் பதில், இத்தனை நேரம் வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறேன். நான் திறந்துவைத்த வாசலில் நுழைந்து என்னையே வெளியே தள்ளுகிறவனுக்கு நான் ஏன் கை கொடுக்கவேண்டும்? மாட்டேன். நல்லவன் பேர் வேண்டாம், பேப்பர் என்றே கூப்பிடட்டும், ஒரு வருஷம் கூப்பிடுவார்கள், வாய் வலித்தால் நிறுத்துவார்கள். நேராகப் போய் ஹெல்மெட்டைக் கழற்றாமல் எழுதிக் கொடுப்பேன். முடிவு பண்ணினதும் உடம்பு எடை குறைந்த மாதிரி இருந்தது. பாதத்தில் கல் குத்துவதுகூட நின்றுவிட்டது, இல்லை, குத்துகிறது, ஆனால் வேறு யாருடைய பாதத்திலோ. இரண்டு கையையும் கைப்பிடியில் இறுக்கிக்கொண்டான். இனி அவன் நீட்டட்டும், தலையை நேராக வைத்துக்கொண்டு தாண்டிப் போவேன், கேலரியே பார்க்கட்டும்.

மஞ்சள் ஹெல்மெட் கேலரிக்கு முன்னால் காத்திருந்தது. வேறெங்கே காத்திருப்பான், தடத்தில் எங்கும் யாருமில்லாத இடம் எவ்வளவோ இருக்க, ஜனம் மொத்தமும் நிற்கிற இடமாகப் பார்த்து, கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள், பிரியாணி மணம்கூட ஹெல்மெட்டுக்குள் ஏறுகிறது. எபனேசர் கிட்டே போகப் போக அவனும் மெல்ல நகர்ந்து இடதுபுறமாக வந்து சேர்ந்தான். விசரைத் தூக்கியிருந்தான். கண்ணில் வேர்வையோ கண்ணீரோ. ‘எபிண்ணா!’ என்றான். ‘ஸாரிங்கண்ணா! சத்தியமா ஸாரிங்க!’ முறுக்கிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினான், கறுப்பு உறை, விரல் நுனியில் நைந்த தோல். எபனேசர் நேராகப் பார்த்தான். முறுக்கினான், தாண்டிப் போவதற்கு. முறுக்கியதும் இன்ஜின் ஒரு தடவை விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. அப்புறம் சத்தமே இல்லை. டேங்க் காலி.

இடது கை மேலே போயிற்று. அவன் தூக்கவில்லை, அது போயிற்று. பின்னால் ஒருத்தரும் இல்லை, இடிப்பதற்கு ஆள் இல்லை, விலகவேண்டியவன் யாருமில்லை, இருந்தும் ஆஸ்பத்திரியில் தூக்கத்தில் போன மாதிரி, அயனாவரம் சிக்னலில் போன மாதிரி, விரல் விரித்துக்கொண்டு நேராக மேலே போயிற்று. போன கையை இன்னொரு கை பற்றியது. இறுக்கமாக. எபனேசர் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டு கையும் சேர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கேலரி வெடித்தது. விசில், தகரம் தட்டுகிற சத்தம், யாரோ சட்டையைக் கழற்றிச் சுழற்றுகிறான், மைக்கில் அந்த ஆசாமி குரல் உடைந்து கத்துகிறான், ‘பாருங்க! பாருங்க! கை குடுத்துட்டார்! பட்டம் போனாலும் கை குடுத்துட்டார் நம்ம ஜென்டில்மேன் எபனேசர்! இதுக்குப் பேர்தாங்க விளையாட்டு!’ கையை இழுத்தான் எபனேசர். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தால் இரண்டு வண்டியும் சாயும், இரண்டு பேரும் விழுவார்கள், அதை அவன் இருபது வருஷமாக அறிந்தவன், அதனால் இழுக்கவில்லை. அதைக்கூடத் தெரிந்துதான் பிடித்திருக்கிறானோ? ‘விடுடா’ என்றான். ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றி வந்து அவன் காதிலேயே விழுந்தது. யுகேந்திரனுக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் வேறு மாதிரிதான் கேட்டிருக்கும், அவன் முகம் அப்படி மலர்ந்து கிடந்தது. ‘ரொம்பப் பெரிய மனசுங்கண்ணா உங்களுக்கு!’ என்றான்.

அப்புறம்தான் எபனேசரின் வண்டி சத்தமில்லாமல் உருளுவதைக் கவனித்தான் பையன். ‘அய்யோ, பெட்ரோல் தீந்துருச்சுங்களா? இருங்கண்ணா, இருங்க, பிரேக்கை மட்டும் புடிச்சறாதீங்க, நான் தள்ளுறனுங்க.’ கையை விட்டான். வலது காலைத் தூக்கி எபனேசரின் கால்மிதியில் வைத்தான், தெருவில் பெட்ரோல் தீர்ந்த வண்டியைச் சிநேகிதன் மிதித்துத் தள்ளிக்கொண்டு போவான் இல்லையா, அந்த மாதிரி, வைத்துத் தன் வண்டியை மெல்ல முறுக்கினான். எபனேசரின் வண்டி நகர்ந்தது. பிரேக்கைப் பிடித்தால் நின்றுவிடும். விரல் பிரேக் மேல்தான் இருந்தது. கேலரி முழுக்க எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தது, இப்போது பிடித்தால் என்ன ஆகும், அவன் கால் சிக்கும், விழுவான், அப்போது தள்ளிவிட்டவன் என்று இவனுக்குத்தான் பேர் வரும். பிடிக்கவில்லை. தூரத்தில் பிட் சுவரின் மேல் மஸ்தான் பாய் நின்றுகொண்டிருந்தார், இந்த மனுஷன் எல்லாவற்றையும் பார்த்திருப்பார். சுவரிலிருந்து இறங்கினார். வெற்றிலையைத் துப்பிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போனார், ஸ்பேனரைப் பொறுக்குவதற்கு.

கடைசி வளைவு வந்தது. அதே வளைவு. வெளிப்பக்கம் புல்லில் இவன் வண்டி போன தடம் பச்சையில் பழுப்பாகக் கிழிந்து கிடந்தது, டயர் அடுக்குக்கு முன்னால் சின்னதாக வளைந்து திரும்பியிருந்தது, நாலு அடிகூட இல்லை. இவன் உள்பக்கம், அவன் வெளிப்பக்கம். ஒரு கால் இவன் வண்டியில், ஒரு கால் தன் வண்டியில், ஒரு கையை ஜனங்களுக்கு ஆட்டிக்கொண்டு, பாதி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அப்படியே வளைவுக்குள் போனான் யுகேந்திரன். வண்டி சாய்ந்தது, இவன் வண்டியும் சாய்ந்தது. எபனேசர் கீழே பார்த்தான். இரண்டு வண்டிக்கும் நடுவில் தார் தெரிந்தது. வளைவு தொடங்குகிற இடத்தில் எவ்வளவு தெரிந்ததோ நடுவிலும் அவ்வளவே தெரிந்தது, திரும்பி நிமிர்கிற இடத்திலும் அவ்வளவே. உரசவில்லை, நெருங்கவில்லை, ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பார்க்காமலே ஓட்டுகிறான். பார்க்காமலே இவ்வளவு சரியாக ஓட்டுகிறவனுக்கா வழுக்கியது? எபனேசர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு பிட் வரைக்கும் போனான். தாராளமாக, நடுவில், ஒரு சக்கரத்துக்கு இடம் இருந்தது.